பச்சை விளக்கின் பொய்
மின்சார ஸ்கூட்டர்: ஆண்டிபட்டி வாசகர்களின் கேள்வி – பதில்

(இந்த வாரம் முழுக்க மின்சார ஸ்கூட்டர். ஜாதகம், தேர்தல், மூட்டுவலி கேட்டவர்கள் அடுத்த வாரம் வரை பொறுக்கவும்.)

தறிக்காரர், சக்கம்பட்டி: என் வண்டி 60 வோல்ட். சார்ஜரைத் திருப்பிப் பார்த்தால் 67.2 வோல்ட் என்று போட்டிருக்கிறது. ஏமாத்திட்டாங்களா?

கடைக்காரருக்கு வக்காலத்து வாங்கும் பழக்கம் எனக்கு இல்லை. ஆனால் இந்தக் கேஸில் அவர் நிரபராதி. 60 என்பது பேட்டரியின் பேர்தான், அளவு இல்லை. உள்ளே லித்தியம் செல்களை 16 வரிசையாகக் கோத்திருப்பார்கள். செல்லுக்குச் சராசரி 3.7 வோல்ட் என்றால் மொத்தம் 59.2. அதை உருட்டி 60 ஆக்கிவிட்டார்கள். செல் முழுசாக நிரம்பும்போது 4.2 வோல்ட்டைத் தொடும். பதினாறால் பெருக்குங்கள்: 67.2. பேட்டரியைவிடச் சார்ஜர் ஒரு படி மேலே நின்றால்தான் கரன்ட் உள்ளே இறங்கும். சார்ஜரில் அச்சு அசலாக 60 என்று இருந்திருந்தால் சண்டைக்குப் போகலாம், நானும் கூட வந்திருப்பேன்.

மளிகைக் கடைக்காரர், ஆண்டிபட்டி: கம்பெனி சார்ஜர் புகைஞ்சு போச்சு. "எல்லா 60 வோல்ட் வண்டிக்கும் இது சேரும்" என்று ஒரு கடையில் பாதி விலைக்குத் தருகிறார்கள். வாங்கலாமா அண்ணே?

"எல்லா வண்டிக்கும் சேரும்" என்பது சீட்கவருக்கும் எலுமிச்சம்பழத்துக்கும் பொருந்தும். சார்ஜருக்குப் பொருந்தாது.

60 வோல்ட் என்ற ஒரே பேரில் நம் ரோட்டில் குறைந்தது நாலு ரகம் ஓடுகிறது. பழைய ஈய–அமில பேட்டரி என்றால் 12 வோல்ட் டப்பா ஐந்து இருக்கும். அது நிரம்ப 73.5 வோல்ட் வாக்கில் வேண்டும். 16 செல் லித்தியத்துக்கு மேலே சொன்ன 67.2. அதிலேயே 17 செல் வைத்த பேட்டரியும் உண்டு, அதற்கு 71.4. நாலாவது, எல்.எஃப்.பி. என்கிற இரும்பு பாஸ்பேட் லித்தியம். அதில் செல் 20, ஒவ்வொன்றும் 3.65 வரை ஏறும், ஆக 73. நாலுக்கும் வெளியே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் பெரிய எழுத்தில் 60 வோல்ட்!

இப்போது ஈய–அமிலச் சார்ஜரை எடுத்து 16 செல் லித்தியத்தில் செருகினால் என்ன ஆகும்? 73.5-ஐப் பதினாறால் வகுத்தால் செல் ஒன்றுக்கு ஏறக்குறைய 4.6 வோல்ட். 4.2-ல் நிற்க வேண்டிய ஆசாமி. உள்ளே பி.எம்.எஸ். என்று ஒரு காவல் அட்டை இருக்கிறது, அது குறுக்கே விழுந்து துண்டித்துவிடும் என்பார்கள். துண்டிக்கும்தான். ஆனால் அது ஆபத்துக்கு வைத்த அட்டை, அன்றாட சுவிட்ச் இல்லை. தினம் ராத்திரி அதன் கழுத்தில் கத்தி வைத்தால் ஒருநாள் அது சும்மா இருந்துவிடும். தவிர ஈய–அமிலச் சார்ஜர் முழுசாக நிற்பதும் இல்லை. நிரம்பிய பிறகும் 69 வோல்ட் அளவில் மெல்ல ஊட்டிக்கொண்டே இருக்கும். அதுகூட செல்லுக்கு 4.3.

எதிர்ப்பக்கம் தப்பு நடந்தால் ஆபத்து இல்லை, அரைகுறை மட்டுமே. 67.2 சார்ஜரை 17 செல் பேட்டரிக்குப் போட்டால் முக்கால் வயிறுதான் நிரம்பும். வண்டிக்கு மைலேஜ் போச்சு என்று மெக்கானிக்கைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

நான் பார்த்தவரை இந்தக் குழப்பம் அதிகம் நடப்பது ஒரே இடத்தில்தான். ஈய பேட்டரி செத்து, லித்தியம் மாற்றிக்கொள்கிறார்கள். "பழைய சார்ஜர் நல்லாத்தானே இருக்கு" என்று அதையே வைத்துக்கொள்கிறார்கள். பேட்டரிக்கு முப்பதாயிரம் கொடுத்தவருக்குச் சார்ஜருக்கு இரண்டாயிரம் கொடுக்கும்போதுதான் சிக்கனம் ஞாபகம் வரும்.

உங்கள் சார்ஜர் புகைந்தாலும் அடிப்பக்கத்து ஸ்டிக்கர் இருக்கும். 'அவுட்புட்' என்ற வரியில் வோல்ட்டும் ஆம்பியரும் இருக்கும். அந்த வோல்ட் புள்ளி பிசகாமல் இருக்கிற சார்ஜரை மட்டும் கேளுங்கள். ஸ்டிக்கரும் போய்விட்டது என்றால் பேட்டரிப் பெட்டியில் எத்தனை செல், எந்த ரகம் என்று பார்க்க வேண்டும். அதுவும் இல்லையென்றால் கம்பெனிச் சார்ஜர்தான், வேறு வழி இல்லை. மற்றவர்கள் இன்றைக்கே சார்ஜரைக் கவிழ்த்துப் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். சூட்டில் முதலில் அழிவது அந்த எழுத்துதான்.

கல்லூரி மாணவி, கண்டமனூர்: அண்ணனோட 48 வோல்ட் சார்ஜரை என் 60 வோல்ட் வண்டியில் போட்டேன். உடனே பச்சை லைட் எரிந்தது. இவ்வளவு சீக்கிரம் ஃபுல் ஆகுமா?

ஆகாது தங்கச்சி. அந்தச் சார்ஜரின் உச்சம் 54.6 அல்லது 58 சொச்சம். உங்கள் பேட்டரி ஏற்கனவே அதற்கு மேலே நின்றிருக்கும். மேட்டுக்குத் தண்ணீர் ஏறாது, கரன்ட்டும் அப்படியே. கரன்ட் போகவில்லை என்றால் சார்ஜர் தன் வேலை முடிந்தது என்று எண்ணிக்கொண்டு பச்சை காட்டும். பேட்டரி நிரம்பியதா என்று அந்த விளக்குக்குத் தெரியாது. கரன்ட் குறைந்துவிட்டதா என்பது மட்டும்தான் தெரியும். மறுநாள் காலேஜுக்குத் தள்ளிக்கொண்டு போனீர்களா, அதைச் சொல்லவில்லையே?

ஓய்வுபெற்ற ஆசிரியர், ஜி. உசிலம்பட்டி: 72 வோல்ட் வண்டி 60 வோல்ட் வண்டியைவிட அதிக தூரம் ஓடும்தானே?

ஐயா, நீங்கள் காலையில் பேப்பரில் அணை நிலவரம் பார்ப்பவர் என்று நம்பிச் சொல்கிறேன். பெரியகுளம் சோத்துப்பாறை அணை 126 அடி. நம் வைகை அணை 71 அடி. அடியை மட்டும் பார்த்தால் சோத்துப்பாறைதான் பெரிய அணை. ஆனால் அது நிரம்பினால் 100 மில்லியன் கன அடி, வைகை நிரம்பினால் ஆறாயிரத்துக்கும் மேல். வோல்ட் என்பது அடி. ஆம்பியர் அவர் என்பது அணையின் அகலம். இரண்டையும் பெருக்காமல் எவ்வளவு தண்ணீர் என்று சொல்ல முடியாது.

பெருக்கிப் பாருங்கள். 72 வோல்ட், 20 ஆம்பியர் அவர்: 1,440. 60 வோல்ட், 30 ஆம்பியர் அவர்: 1,800. 48 வோல்ட், 40 ஆம்பியர் அவர்: 1,920. ஆயிரத்தால் வகுத்தால் வருவது யூனிட். வீட்டு மீட்டரில் ஓடும் அதே யூனிட்தான். இந்த மூன்றில் வோல்ட் குறைந்ததுதான் தூரம் போகும்.

வோல்ட் கூடினால் வேறு லாபம் உண்டு. அதே சக்திக்குக் குறைந்த ஆம்பியர் போதும், ஒயர் சூடாவது குறையும், வேகம் கூடும். ஆனால் "எவ்வளவு தூரம்" என்ற கேள்விக்கு விற்பவர் வோல்ட்டைச் சொன்னால், "எத்தனை யூனிட்?" என்று மட்டும் திருப்பிக் கேளுங்கள். முகம் மாறுகிறதா என்று பாருங்கள்.

அதே ஆசிரியர்: சரி, ஒரு யூனிட்டுக்கு எத்தனை கிலோமீட்டர்?

ஏதர் 450 எக்ஸ் வண்டி 2022-ல் 3.7 யூனிட் பேட்டரியோடு வந்தது. சான்றிதழில் 146 கிலோமீட்டர். அதே கம்பெனி "நிஜமாக ஓடுவது" என்று சொன்னது 105. அதாவது யூனிட்டுக்கு 28 வாக்கில். மெதுவாகப் போகிற சின்ன வண்டி நாற்பதைத் தொடும். சான்றிதழ் ஓட்டுபவருக்கு முன்னால் மேய்ச்சல் முடிந்து திரும்பும் ஆட்டுமந்தை வருவதில்லை, பின்னால் மூட்டையோடு மாமனாரும் இல்லை.

காய்கறி வியாபாரி, ஆண்டிபட்டி: லைசென்ஸ் கேட்காத வண்டி வாங்கியிருக்கேன். கணவாய் ஏறுமா?

லைசென்ஸும் பதிவும் வேண்டாத வண்டி என்றால் மோட்டார் 250 வாட்டுக்குள், வேகம் 25 கிலோமீட்டருக்குள். கணக்கு இதுதான்: வண்டியும் நீங்களும் தக்காளிப் பெட்டியும் சேர்ந்து 200 கிலோ. நூறு மீட்டருக்கு ஆறு மீட்டர் ஏறும் ரோட்டில் இருபது கிலோமீட்டர் வேகத்தில் போக, உங்களைத் தூக்குவதற்கு மட்டுமே 650 வாட் வேண்டும். மோட்டாரிடம் இருப்பது 250. கொஞ்ச நேரத்துக்கு மூச்சைப் பிடித்துக் கூடுதலாகத் தரும். தொடர்ந்து என்றால் மணிக்கு ஏழு, எட்டு கிலோமீட்டர்தான். உசிலம்பட்டிச் சந்தைக்குப் போகும்போது பக்கத்தில் ஓடிவருகிற பையன் முந்திவிடுவான்.

வேடிக்கை என்னவென்றால், ஏற்றம் பேட்டரியை நாம் பயப்படுகிற அளவுக்குத் தின்பதில்லை. 200 கிலோவை 100 மீட்டர் உயரம் ஏற்ற, விரயமெல்லாம் சேர்த்து ஒரு யூனிட்டில் பதினாலில் ஒரு பங்குதான், சமதளத்தில் மூணு கிலோமீட்டர் ஓடும் செலவு. வதைபடுவது மோட்டாரும் கன்ட்ரோலரும். கைவைத்துப் பார்க்க முடியாத அளவு சுட்டால் இறங்கி நில்லுங்கள். டீ குடிக்க ஒரு சாக்கு.

விவசாயி, கடமலைக்குண்டு: வீட்டில் கரன்ட் பில் ஏறுது. தோட்டத்து மோட்டார் சர்வீஸ் இலவசம்தானே, அங்கே சார்ஜ் போட்டுக்கவா?

பம்புசெட்டுக்கு இலவச மின்சாரம் 1990-லிருந்து இருக்கிறது. கிணற்றுத் தண்ணீருக்குக் கொடுத்தது, ஸ்கூட்டருக்கு இல்லை. ஒரு காரியத்துக்கு வாங்கிய இணைப்பை இன்னொன்றுக்குப் பயன்படுத்தினால் 2003 மின்சாரச் சட்டத்தின் 126-வது பிரிவு இருக்கிறது. அபராதக் கணக்கைப் பார்த்தால் பெட்ரோலே மலிவு என்று தோன்றும்.

அப்படி ஒன்றும் பில் ஏறவும் ஏறாது. 1.8 யூனிட் பேட்டரிக்குச் சார்ஜர் சூடாகும் விரயத்தோடு மீட்டரில் இரண்டு யூனிட் சொச்சம் ஓடும். ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டால் இரண்டு மாதத்துக்கு அறுபது சொச்சம் யூனிட். 2016-ல் வந்த 100 யூனிட் இலவசத்தில் பாதிக்கு மேல் வண்டி தின்றுவிடும் என்பது உண்மை. மிச்சத்தில் ஃபேன் ஓடட்டும். டிவி சீரியல்களைக் குறைத்தால் குடும்பத்துக்கும் நல்லது.

இல்லத்தரசி, டி. சுப்புலாபுரம்: ராத்திரி படுக்கும்போது வாசல் நடையில் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்குகிறோம். சரியா?

சரியில்லைம்மா. இதற்கு மட்டும் விளையாட்டுப் பதில் கிடையாது. 2022 மார்ச்சில் வேலூரில் இரவு சார்ஜ் போட்டிருந்த ஸ்கூட்டர் தீப்பிடித்து, வீட்டுக்குள் புகை சூழ்ந்து, ஒரு தகப்பனும் அவருடைய பள்ளிக்கூடப் பெண்ணும் இறந்துபோனார்கள். அந்த வருஷம் நாட்டில் பல இடங்களில் வண்டிகள் எரிந்த பிறகுதான் 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் முடிவிலுமாக மத்திய அரசு பேட்டரி விதிகளை இறுக்கியது. அதற்கு முந்தைய வண்டி என்றால் இன்னும் கவனம் வேண்டும்.

வாசல் நடைதான் நீங்கள் தப்பி ஓட வேண்டிய வழி. அங்கே வண்டி நிற்கவே கூடாது. திறந்த திண்ணை, மேலே கூரை, பக்கத்தில் வைக்கோல் படப்போ நூல் மூட்டையோ இல்லாத இடம். வெயிலில் ஓடி வந்தவுடன் செருகாமல் அரைமணி நேரம் ஆறவிடுங்கள். எர்த் உள்ள மூணு பின் பிளக் வேண்டும், கட்டிலுக்கடியில் ஓடும் எக்ஸ்டென்ஷன் பெட்டி வேண்டாம். சாயங்காலம் சமைக்கும் நேரத்தில் போட்டுப் படுக்கும் முன் எடுத்துவிட்டால் கண் பார்வையிலேயே இருக்கும்.

பேரன் பேரில் அப்பத்தா, க. விலக்கு: சார்ஜர் தொலைஞ்சுபோச்சு. கம்ப்யூட்டர் ஒயரு அந்தத் துளையில அப்படியே உக்காருதே, சொருகலாமாப்பா?

சொருகலாம் அப்பத்தா, ஒரே ஒரு தடவை. அதுக்கப்புறம் வண்டியே இருக்காது. சில வண்டிகளில் கம்ப்யூட்டருக்குப் பின்னால் இருக்கும் அதே மூணு கால் துளையைச் சார்ஜ் போட வைத்துத் தொலைத்திருக்கிறார்கள். அந்த ஒயர் சுவரிலிருந்து நேரே 230 வோல்ட் ஏ.சி.யைக் கொண்டுவரும். பேட்டரி கேட்பதோ அறுபது, எழுபது வோல்ட் டி.சி. எந்தக் காலில் பிளஸ், எந்தக் காலில் மைனஸ் என்பதும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அந்த ஒயரைப் பேரன் கைக்கு எட்டாத பரணில் போடுங்கள்.

இளைஞர், வருசநாடு: ஆன்லைனில் பத்து ஆம்பியர் ஃபாஸ்ட் சார்ஜர் பார்த்தேன். வாங்கவா?

1984-ல் அமெரிக்க ஆஸ்பத்திரியில் இருந்த எம்.ஜி.ஆரைத் தொகுதிப் பக்கம் வராமலே ஜெயிக்க வைத்த ஊர் ஆண்டிபட்டி. அந்த நம்பிக்கையைப் பார்க்காத சார்ஜர் மேல் வைக்காதீர்கள் தம்பி. வோல்ட் துல்லியமாகப் பொருந்த வேண்டும். ஆம்பியர் அப்படி இல்லை, பேட்டரி தாங்கும் அளவுக்குள் இருந்தால் சரி. 20 ஆம்பியர் அவர் ஈய பேட்டரிக்கு மூணு ஆம்பியருக்கு மேல் கொடுத்தால் உள்ளே கொதிக்கும். லித்தியம் கூடுதலாகத் தாங்கும், எவ்வளவு என்பது பேட்டரி ஸ்டிக்கரில் இருக்கும். 30 ஆம்பியர் அவருக்கு ஐந்து ஆம்பியர் என்றால் ஆறு மணி நேரம், கடைசி நிரப்பலுக்கு இன்னும் கொஞ்சம். அவ்வளவு அவசரமாக எங்கே போகிறீர்கள்?

வழக்கறிஞர், தேனி: வண்டிக்கு ஒரு விலை, சார்ஜருக்குத் தனி விலை வாங்கினார்களே, அது என்ன நியாயம்?

மானியம் வாங்க வண்டியின் ஆலை விலை ஒன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும் என்று விதி இருந்தது. சார்ஜரைக் கழற்றித் தனியாக விற்றால் விலை உள்ளே வந்துவிடுமே! அரசாங்கம் கண்டுபிடித்தது. 2023-ல் ஓலா, ஏதர், டி.வி.எஸ்., ஹீரோ நான்கும் சார்ஜர் காசைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டன. உங்கள் கட்சிக்காரர் அந்தக் காலத்தில் வாங்கியவரா? பில்லைத் தேடச் சொல்லுங்கள்.

பேர் போடாதீர்கள், ஆண்டிபட்டி: பக்கத்து வீட்டு மதினி அடிக்கடி என் சார்ஜரைக் கடன் கேட்கிறாங்க. இல்லைன்னு சொல்ல முடியலை.

இரண்டு வண்டியும் ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே பேட்டரியா? அப்படியானால் கொடுங்கள், முறுக்கு வாங்கிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் மேலே உள்ள இரண்டாவது பதிலை வெட்டி அவர் வீட்டுக் கதவிடுக்கில் செருகிவிடுங்கள். உங்கள் பேர் வராது.