"சி.ஜி. சரியில்லீங்க!"

வாடகைக்கு வீடு பார்க்கிறவர்கள் போரில் தண்ணீர் வருமா என்று கேட்பார்கள். ஃபோமில் ரிமோட் விமானம் செய்து பறக்கவிடும் மேச்சேரி ஜெட்காரர் மட்டும், மொட்டைமாடி ஓரமாகக் கரண்டுக் கம்பி போகிறதா என்று கேட்பார்.

பகலில் லேத் பட்டறை. இருட்டினால் திண்ணையிலேயே விமானத் தொழிற்சாலை. ஏ4 தாள்களில் பிரின்ட் எடுத்த வரைபடத்தை ஒட்டிச் சேர்த்து, 5 மில்லி டெப்ரான் ஷீட்டின் மேல் விரித்து பிளேடு போடுவார். டெப்ரான் கிடைக்காத மாதம் தெர்மாகோல். அதைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினால் கண்டக்டர் விடமாட்டார்: "ஏனுங்க, மேட்டூர் டேமை மூடவா?" 2017-ல் தண்ணீர் ஆவியாகாமல் மூட வைகை அணையில் தெர்மாகோலை மிதக்கவிட்ட நாள் முதல், தமிழ்நாட்டில் அந்தப் பொருளோடு யாரும் மரியாதையாக நடமாட முடிவதில்லை. ரப்பர் பசை பட்டால் தெர்மாகோல் கரையும் என்ற ரசாயனத்தை அவர் கற்றது, முதல் விமானம் மூக்கில்லாமல் போன அன்று. அதிலிருந்து குளூ கன்தான்.

ஜெட் என்று பெயரே தவிர, முதுகில் ஒரு பிளவு வெட்டி, உள்ளே 6 அங்குல புரொப்பல்லர் சுழலும். மூக்கு தரையில் குத்தினாலும் புரொப்பல்லர் பிழைக்க வேண்டுமே! குத்தும் என்பது டிசைனிலேயே முடிவான விஷயம். குழாய்க்குள் சுழலும் 70 மி.மீ. டக்டட் ஃபேன் மேல் ஆசை உண்டு. அது குடிக்கிற பேட்டரிக்குத்தான் சம்பளம் போதாது.

விழுந்தால் காரணம் ஒன்றே: "சி.ஜி. சரியில்லீங்க." எடை மையம் கொஞ்சம் பின்னுக்குப் போனாலும், வாலில்லாத டெல்டா இறக்கை மூக்கைத் தூக்கிக் குட்டிக்கரணம் போடும், இது உண்மை. ஆகவே பேட்டரியை முன்னே தள்ளுவார், மூக்கில் ஒரு ரூபாய் நாணயம் செருகுவார். ரிமோட் பிடித்த கையை மட்டும் சந்தேகிக்கவே மாட்டார். மூட்டை ஏற்றிய மொபெட் சாய்ந்தாலும், கல்யாணப் பேச்சு முறிந்தாலும் தீர்ப்பு அதுதான்.

2021-ம் ஆண்டு டிரோன் விதிகள் மனப்பாடம். கமலாபுரம் விமான நிலையப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டார். காற்று எழும் முன், விடியற்காலையில், கடலை பிடுங்கிய காட்டில்தான் பறக்க விடுவார். இறங்குவது பெரும்பாலும் செம்மறிக் கூட்டத்துக்குள். மேச்சேரி ஆடு தோலுக்குப் பேர்போனது. ஆட்டுக்காரப் பெரியவர் முதலில் அந்தத் தோலைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஆட்டுக்கு ஒண்ணுமில்லீங்க தம்பி. உங்களுதுதான் போயிருச்சு" என்பார்.

வீட்டில் கணக்குக் கேட்டால், தேஜஸ் போர் விமானம் துணைக்கு வரும்.

"1983-ல திட்டம் போட்டாங்க, 2001 ஜனவரி 4-லதான் பெங்களூர்ல முதல்ல பறந்துச்சு. அதுக்கே பதினெட்டு வருசம். எனக்கு நாலு மாசந்தானே ஆச்சு?"

"ஏனுங்க, அவங்க சீட்டுப் பணத்துலயா செஞ்சாங்க?"

அன்றைக்கு மட்டும் சி.ஜி. வாயே திறக்காது.

மேச்சேரிப் பக்கம் போனால் அவரைப் பாருங்கள், விமானத்தையும் பாருங்கள். "எவ்வளவு நேரம் பறக்கும்?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். பறப்பது ஐந்தாறு நிமிடம். பதில் முடிய மத்தியானம் ஆகும்.