பங்கு பிரிக்கப் போறயா கண்ணு?

வக்கீல் நோட்டீஸா கண்ணு? யாருக்கு? கூடப் பொறந்த அண்ணனுக்கா! நடுவுல ஒரே ஒரு செவுரு. அந்தக்கட்ட இருக்கறவனுக்கு, ஸ்பீடு போஸ்ட்டுல தபால். எட்டிப் பார்த்துக் கூப்பிட்டா கௌரவம் கொறைஞ்சு போயிருமாக்கும்?

அதுல என்ன எழுதியிருக்குது? அஞ்சு ஏக்கரை ரெண்டாப் பிரிக்கோணும், ஆளுக்கு ரெண்டரையா? அடேங்கப்பா. எஞ்சினியர் காலேஜுல வகுத்தல் கணக்கு சொல்லித் தரலையாட்ட இருக்குது.

உங்கொப்பன் சொந்தமா சம்பாரிச்சு வாங்கின பூமி அது. உயிலும் எழுதாமப் போய்ச் சேர்ந்துட்டான். 1956ல வந்த இந்து வாரிசுரிமைச் சட்டப்படி பங்கு யாராருக்குன்னு சித்தே எண்ணிப் பாரு. நீ ஒண்ணு. உன்ற அண்ணன் ஒண்ணு. கட்டிக் குடுத்தாளே அக்கா, அவ ஒண்ணு. உங்கம்மா ஒண்ணு. ஆச்சா? இன்னொண்ணு யாருக்கு? முழிக்காதே. கட்டுத்தரைக்குப் பக்கத்துல கயித்துக் கட்டல்ல படுத்திருக்கறாளே உன்ற அப்பத்தா, அவளுக்கு. பெத்த மகன் முந்திப் போயிட்டா ஆத்தாளுக்கும் ஒரு பங்கு உண்டு. அஞ்சு ஏக்கர், அஞ்சு பங்கு, ஆளுக்கு ஒரு ஏக்கர். நாளைக்கு அப்பத்தாளும் உயில் எழுதாமப் போயிட்டான்னு வெச்சுக்கோ, அவ பங்குல உன்ற அத்தைமாருக்கும் பாத்தியம் வந்துரும். சொன்னதும் அப்பத்தாளுக்குக் காப்பி கொண்டு போறயே, குடு குடு. சக்கரை கம்மியாப் போடு.

அக்காளுக்கு நகை போட்டாச்சு, சீர் செஞ்சாச்சுங்கறயா? நகை போட்டது உங்கொப்பன். நீ என்ன போட்டே? பந்தியில எலை போட்டே. பொண்ணுக்கு நகை போட்டா சொத்துல கழிச்சுக்கலாமுன்னு அந்தச் சட்டத்துல எங்கயும் இல்ல கண்ணு. அப்பன் வாங்கினதில்ல, பாட்டன் பூட்டன் காலத்துப் பூர்வீகமுன்னு பேச்சை மாத்திப் பார்க்கறயா? அங்கயும் வழி அடைச்சிருக்குது. தமிழ்நாட்டுல 1989லயே பொண்ணுகளுக்கும் அதுல பங்கு வந்துருச்சு. அன்னிக்கு முந்தியே கண்ணாலம் ஆனவங்களை மட்டும் விட்டுப்போட்டாங்க. 2005ல டெல்லியில சட்டம் திருத்தினப்ப அந்தச் சந்தும் போச்சு. அந்தத் தேதியில அப்பன் உசுரோட இருந்திருக்கோணுங்கற அவசியமில்லேன்னு 2020ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிப்போட்டுது.

உன்னைய மாதிரி கெட்டிக்காரங்க செய்யறதும் எனக்குத் தெரியும். நோம்பிக்கு வந்த அக்காளுக்கு ஒரு பட்டுச் சேலை. மச்சானுக்கு வேட்டி சட்டை. அப்பறம் கார்ல ஏத்தி, "சும்மா ஒரு கையெழுத்துக்கா"ன்னு பத்திர ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போறது. அங்க அவ வெரலை வெக்கறது விடுதலைப் பத்திரத்துல. அவளாப் பிரியப்பட்டு விட்டுக் குடுத்தா அது அவ பெரிய மனசு. படிச்சுக் காட்டாம வாங்கினா அதுக்கு என்ன பேருன்னு நீயே சொல்லு. ஒரு ஏக்கருக்கு ஒரு சேலை! வேவாரம் நல்லாத்தான் இருக்குது.

"பட்டா என்ற பேர்ல இருக்குது, பன்னெண்டு வருசமா நான்தான் உழுகறேன்"னு உன்ற அண்ணன் மார் தட்டறானாமா? அவனும் உன்ற அண்ணன்தானே, அறிவு எங்க போகும்? பட்டா சர்க்கார் கணக்கு. பங்கு யாருக்குன்னு பத்திரமும் வாரிசும்தான் சொல்லும். பங்காளியில ஒருத்தன் அனுபவிச்சா அத்தனை பேருக்காகவும் அனுபவிக்கறான்னுதான் கோர்ட்டு எடுத்துக்கும். மத்தவங்களுக்குப் பங்கே இல்லேன்னு அவங்க அறிய வெளிப்படையா மறுத்து, அதுக்கப்பறமும் பன்னெண்டு வருசம் ஓடியிருந்தாத்தான் அந்தப் பேச்சே எடுபடும்.

கோவத்துல உன்ற பங்கை மட்டும் அசலூர்க்காரனுக்கு வித்துப்போடறேங்கறயா? விக்கலாம். 1882ல வந்த சொத்து மாற்றுச் சட்டமே அதுக்கு எடம் குடுக்குது. ஆனா பூமியா இருந்தாலும், அதை மொதல்ல வாங்கிக்கற உரிமை கூட இருக்கற வாரிசுகளுக்குத்தான். பிரிக்காத குடும்ப ஊட்டுல பங்கு வாங்கினவன் பொட்டியத் தூக்கிட்டு உள்ள வந்து உக்கார முடியாது. அவன் பாகம் கேட்டுக் கேஸ் போட்டா, கோர்ட்டு வெச்ச வெலையக் குடுத்து ஊட்டுக்காரங்களே அந்தப் பங்கை எடுத்துக்கலாமுன்னு 1893லயே எழுதி வெச்சுட்டான். வெள்ளைக்காரனுக்கே நம்ம பங்காளிச் சண்டை அத்துப்படி.

நெசமா அடிதடி ஆகறது ஏக்கர் கணக்குல இல்ல கண்ணு. தடத்துலயும் கெணத்துலயும்தான். எங்க ஊர்ல அண்ணன் தம்பி ரெண்டு பேரு. சர்வேயரை வெச்சு ஒரு சென்ட் பிசகாம அளந்து, கல்லு நட்டு, பாகம் பண்ணிக்கிட்டாங்க. வடபொறம் அண்ணனுக்கு, தென்பொறம் தம்பிக்கு. ரோடு வடக்கால இருக்குது. தம்பி எந்தப் பக்கமா வாரது? அதை ஒருத்தரும் நெனைக்கல. ஒறவா இருந்த வரைக்கும் அண்ணன் காட்டுல நடந்தான். பேச்சு முறிஞ்சதும் அண்ணன் இரும்புக் கேட்டு போட்டு, அதுக்கு மேல கேமராவும் மாட்டிப்போட்டான். மஞ்சள் அறுவடைக்கு டிராக்டர் உள்ள போக முடியல. மூட்டை மூட்டையாத் தலைச்சுமையா வெளிய வந்துது. அண்ணன் ஊட்டுக்குள்ள உக்காந்து போன்ல அதை எண்ணிக்கிட்டிருந்தான். பாகம் பிரிஞ்ச பூமிக்கு வேற வழியில்லேன்னா தடம் கேக்கறதுக்குப் பாத்தியம் உண்டுன்னு சட்டம் இருக்குது. இருந்து என்ன? கேஸ் நடக்குது, மஞ்சள் காத்திருக்குமா?

எங்கப்பன் காலத்துப் பத்திரத்தை எடுத்துப் பாரு. மாமூல் வண்டித்தடம் இத்தனை அடி அகலம், அதுல ஆளும் மாடும் வண்டியும் போகப் பாத்தியம், பொதுக்கெணத்துல நாலுல ஒரு பங்கு, மோட்டார், கரண்டு சர்வீஸ், வாய்க்கால், தண்ணி மொறை, வரப்புல நிக்கற தென்னை யாருக்கு, எல்லாம் இருக்கும். எழுதினவரு அஞ்சாங்கிளாஸ். இப்பக் கம்ப்யூட்டர்ல அடிக்கறீங்க. எழுத்து அழகாத்தான் இருக்குது, தடத்தைத்தான் காணோம்.

கோர்ட்டுக்கே போறேங்கறயா? போ. மொதல்ல யாருக்கு எத்தனை பங்குன்னு ஒரு முதல்நிலைத் தீர்ப்பு. அஞ்சுல ஒண்ணுன்னு வரும். நான் இப்பக் காசு வாங்காமச் சொன்னதுதான் அது. அப்பறம் கமிஷனர் வந்து அளப்பாரு. அவரு அளந்தது சரியில்லேன்னு ஒருத்தன் மனுப் போடுவான். அதுக்கு மேல இறுதித் தீர்ப்பு, அப்பீலு, வாய்தா. கெணத்தை அஞ்சா வெட்ட முடியுமா? பிரிக்க முடியாத சொத்தைப் பாதிப் பங்குக்காரங்க கேட்டா ஏலம் போட்டுக் காசைப் பிரிச்சுக் குடுக்கவும் கோர்ட்டுக்கு அதிகாரம் இருக்குது. அப்ப ஒரு பெரிய கார்ல வந்து எறங்குவான் ஒருத்தன். அவன் உன்ற பங்காளியா இருக்க மாட்டான்.

அதனால நோட்டீஸை மடிச்சுப் பையில வெய்யி. வில்லங்கம் போட்டுப் பாரு. வாரிசுச் சான்று வாங்கு. அஞ்சு பேரும் ஒருக்கா உக்காந்து பேசுங்க. பேசினதை வெள்ளைத்தாள்ல எழுதிப் பீரோவுல பூட்டி வெக்காதீங்க, பாகப்பிரிவினைப் பத்திரமா ரிஜிஸ்டர் பண்ணுங்க. குடும்பத்துக்குள்ள பிரிச்சுக்கிட்டா முத்திரைத் தீர்வைக்கு ஒரு உச்சவரம்பு உண்டு. வக்கீல் பீசுக்கு அது கெடையாது. அக்காளுக்கு இன்னிக்கே நீயே போன் போடு. அவளுக்குப் பங்கு இருக்குதுங்கறது உன்ற வாயிலிருந்து வரட்டும்.