வாக்குறுதிகளின் எடை: தராசு வழி ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

தேர்தல் வந்துவிட்டால், கட்சிகளின் அறிக்கைகளை எடைபோட்டுப் பார்த்து ஓட்டுப் போடுங்கள் என்று விவரமறிந்தவர்கள் சொல்வார்கள். எதில் வைத்து எடைபோடுவது என்று மட்டும் சொல்லமாட்டார்கள். அக்குறையைப் போக்கவே இவ்வாய்வு. தமிழகத் தேர்தல் வாக்குறுதிகள் தராசில் ஏறுபவை, ஏறாதவை என இருவகைப்படும். முன்னது வீட்டுக்கு வரும். பின்னது அடுத்த அறிக்கைக்குப் போகும்.

முன்னோட்டச் சோதனை

அறிக்கைகள் முதலில் தெருமுனைப் பழைய பேப்பர் கடைக்குக் கொண்டுசெல்லப்பட்டன. கடைக்காரர் அட்டையிலிருந்த தலைவர்களை ஏறிட்டும் பாராமல் எல்லாவற்றையும் ஒரே தட்டில் போட்டு, “வழவழா பேப்பருக்கு ரேட் கம்மி சார்” என்றார். இத்துறையில் நமக்குக் கிடைத்த ஒரே நடுநிலைக் கருத்து இது.

தராசில் ஏறுபவை

1967 தேர்தலில் திமுக ரூபாய்க்கு மூன்று படி அரிசி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்றது. வென்றதும் சென்னையிலும் கோவையிலும் ஒரு படி வந்தது. மூன்றுக்கு ஒன்று என்ற இவ்விகிதத்தைப் ‘படி மாறிலி’ என அழைக்கலாம். 2006இல் திமுக சொன்ன கலர் டிவி வந்தது. 2011இல் அதிமுக சொன்ன மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வந்தன. முதல்வர் படம் உரியாத மிக்சி இன்றும் சில அடுக்களைகளில் சட்னி அரைக்கிறது. கூடத்தில் எதிர்முகாம் தந்த டிவி, ஓடாவிட்டாலும், துணி போர்த்திக்கொண்டு குத்துவிளக்கைத் தாங்கி நிற்கிறது. அனைத்துக் கட்சிக் கூட்டம் வேறெங்கும் இவ்வளவு அமைதியாக நடந்ததில்லை.

துணை விதிகள்

அ) 2021இல் அதிமுக சொன்ன வாஷிங் மெஷின் நல்ல கனம், ஆனால் வரவில்லை. தோற்ற கட்சியின் வாக்குறுதிக்கு எடை கிடையாது.

ஆ) அதே ஆண்டு திமுக சொன்ன மகளிர்க்கு மாதம் 1000 ரூபாய் எடையில் மிக லேசு, ஆட்சி 2021 மே மாதம் வந்தது, பணம் 2023 செப்டம்பர் 15இல், நிபந்தனைகளோடு வந்தது. பொருள் லேசாக லேசாக வேகம் குறைவது இயற்பியல் இதுவரை கண்டிராதது.

தராசில் ஏறாதவை

2016இல் இரு பெரிய கட்சிகளும் மதுவிலக்கு என்றன. வென்ற அதிமுக ‘படிப்படியாக’ என்றிருந்ததால் முதலில் 500 கடைகளும் மறு ஆண்டு இன்னொரு 500 கடைகளும் மூடப்பட்டன. டாஸ்மாக் இருக்கிறது. நீட் விலக்கு மசோதா 2021இல் சட்டமன்றத்தில் நிறைவேறி, ஆளுநரிடமிருந்து திரும்பி, மறுபடி நிறைவேறி, டெல்லி போய், 2025இல் ஒப்புதல் மறுக்கப்பட்டது. இவ்வகையில் மிச்சமாவது உழைப்பு: அடுத்த அறிக்கைக்குப் புதிதாக எழுத வேண்டியதில்லை.

சட்ட நிலை

அறிக்கையில் இலவசம் அறிவிப்பது தேர்தல் முறைகேடு ஆகாது என உச்ச நீதிமன்றம் 2013இல் சொன்னது. அதே ஆண்டு, சலித்தவர்களுக்காக நோட்டா வந்தது. அது எல்லாரையும்விட அதிக ஓட்டு வாங்கினாலும், சட்டமன்றத் தேர்தலில் ஜெயிப்பது அடுத்து வந்த வேட்பாளரே. ஆக, சலிப்புக்கும் எடை இல்லை.

பரிந்துரை

மதுவிலக்கையும் நீட் விலக்கையும் பொட்டலம் கட்டி ரேஷன் கடை வழியே வழங்க அறிக்கைக் குழுக்கள் வழி காணட்டும். குடும்ப அட்டைக்கு ஒன்று வீதம் நிச்சயம் வந்துவிடும். படி மாறிலிப்படி, மூன்று வீட்டுக்கு ஒன்றாவது.