எட்டு 'பி'க்கு யார் போறது?

காலை வழிபாடு முடிந்து, ஸ்டாஃப் ரூம் நாற்காலியில் உட்கார்ந்து, முதல் வாய் டீ உள்ளே போவதற்குள் அட்டெண்டர் அக்கா ஒரு நீள நோட்டோடு வந்து நிற்பார். அட்டை கிழிந்த அந்த நோட்டைக் கண்டதும் ஆளாளுக்கு ஒரு வேலை முளைக்கும். ஒருவர் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்வார். இன்னொருவர் திருத்தி முடித்த பேப்பரையே மறுபடி திருத்துவார். மூன்றாமவருக்கு வீட்டிலிருந்து அவசர போன் வரும், மணி அடிக்காமலேயே. இன்று யார் யார் லீவு, அவர்கள் வகுப்புக்கு யார் போக வேண்டும் என்று எழுதிய சப்ஸ்டிடியூஷன் நோட்டு அது. பெயருக்கு நேரே கையெழுத்துப் போட்டால் அன்றைக்கு இருந்த ஒரே ஃப்ரீ பீரியடும் போச்சு.

ஒருவர் மட்டும் பேனா மூடியைக் கழற்றிவைத்துக்கொண்டு காத்திருப்பார். "அக்கா, எனக்கு எது?"

எல்லாப் பள்ளியிலும் இப்படி ஒருவர் உண்டு. சாராகவும் இருக்கலாம், மிஸ்ஸாகவும் இருக்கலாம். நாம் பார்க்கப்போகிறவர் சார். படித்தது வரலாறு, கிடைத்திருப்பது எட்டு 'பி'யில் கணக்கு பீரியட். மற்றவர்களுக்கு வயிறு கலங்கும் இடம் அது. இவர் கலங்க மாட்டார். இவரிடம் லிங்க் இருக்கிறது.

லிங்க் என்றால் ஒன்று இரண்டு அல்ல. ஆண்ட்ராய்டு போனில் குரோமைத் திறந்துவைத்தால், எத்தனை பக்கம் திறந்திருக்கிறது என்று மூலையில் ஒரு எண் காட்டும். நூறைத் தொட்டுவிட்டால் அதுவும் எண்ணுவதை விட்டுவிட்டு ஒரு சிரிப்புக் குறியைப் போட்டுவிடும். சாரின் போன் சிரிக்க ஆரம்பித்துப் பல மாதமாகிறது. வாட்ஸ்அப்பில் தான் மட்டுமே உறுப்பினராக இருக்கும் குழு ஒன்றை நடத்துகிறார். அதில் இரவு பதினொரு மணிக்குத் தனக்குத் தானே வீடியோ அனுப்பி, தானே கட்டைவிரலும் உயர்த்திக்கொள்வார்.

"ஏங்க, நாளைக்கு யாரு லீவு?" என்பார் மனைவி, தூக்கக் கலக்கத்தில்.

"யாரும் சொல்லல."

"அப்புறம் எதுக்கு இப்ப தேடிக்கிட்டு இருக்கீங்க?"

"போட்டுட்டா?"

தேடலின் ஆரம்ப நாட்களில் அவர் போய்ச் சேர்ந்தது அமெரிக்காவில். மாற்று ஆசிரியருக்கான செயல்பாடு என்று ஆங்கிலத்தில் தட்டினால் வேறெங்கும் போக வழியில்லை. அங்கே அது தனித் தொழில். நாள் கூலிக்கு வெளியிலிருந்து ஆள் வருவார். லீவு போடும் ஆசிரியர் மணிவாரியாக என்ன செய்ய வேண்டும் என்று தாள் எழுதிவைத்துவிட்டுப் போவார். ஆள் கிடைக்காமல் போனால் அது ஊர்ப் பிரச்சினை. 2022 ஜனவரியில் கொரோனா மறுபடி தலைதூக்கியபோது நியூ மெக்சிகோ மாநிலத்தில் நேஷனல் கார்டு படையினரையே வகுப்புக்கு அனுப்பினார்கள். ஆளுநர் மிஷெல் லூஹான் கிரிஷம் தாமே பதிலி ஆசிரியராகப் பதிவுசெய்துகொண்டு மழலையர் வகுப்புக்குப் போனார். இதைப் படித்த அன்று சார் ஸ்டாஃப் ரூமில் சத்தமாக வாசித்துக் காட்டினார். "நம்ம ஊர்ல கரஸ்பாண்டண்ட் வந்து எல்.கே.ஜி. எடுப்பாரா?" என்று தமிழம்மா கேட்டதோடு பேச்சு முடிந்தது.

நம் ஊரில் லீவு போடுபவர் விட்டுச்செல்லும் பாடத்திட்டம் ஒரு வரி: 'சார், ஃபீவர். பசங்கள படிக்கச் சொல்லிடுங்க.'

அமெரிக்கத் தாள்களை அப்படியே இறக்கியதில் வேறு சங்கடம். பனிச் சறுக்கு, வான்கோழி, மினுமினுப்புப் பசை, முப்பது கலர் பிரதி. ஐம்பது பிள்ளைகளுக்கு ஜெராக்ஸ் என்று கேட்டதும் அலுவலகத்தில் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பரீட்சைப் பேப்பருக்கே தாள் இல்லை என்றார்கள். அதன்பிறகுதான் சார் நம் பக்கத்து இணையத்துக்குத் திரும்பினார்.

திரும்பியதும் மலைத்துப்போனார். 2018-இல் வந்த புதிய பாடநூல்களிலேயே க்யூஆர் கோடு அச்சடித்திருக்கிறது. போனை நீட்டினால் திக்‌ஷா தளத்தில் அந்தப் பாடத்தின் வீடியோ ஓடும். திக்‌ஷா 2017 ஆசிரியர் தினத்தன்று தொடங்கியது. ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரைக்கும் 'மணற்கேணி' செயலி இருக்கிறது. பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவரில் தமிழ்ப் படக்கதைகள் இலவசம், இறக்கி அச்சடித்துக்கொள்ளவும் தடையில்லை. அமெரிக்காவிலிருந்தும் ஜெராக்ஸ் கேட்காத ஒன்று தேறியது: நோபல் பரிசு வாங்கிய கார்ல் வீமன் 2002-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் ஆரம்பித்த ஃபெட் தளத்தில் பேட்டரியையும் பல்பையும் திரையிலேயே ஒயர் போட்டு எரிய வைக்கலாம். தப்பாக இணைத்தால் திரையில் மட்டும்தான் தீப்பிடிக்கும்.

இவற்றையெல்லாம் வகுப்பில் காட்ட ஸ்மார்ட் போர்டு வேண்டும். ஸ்மார்ட் போர்டு இருக்கிறது. பாஸ்வேர்டு கம்ப்யூட்டர் சாரிடம் இருக்கிறது. சார் இதை முயன்ற நாளில் கம்ப்யூட்டர் சார் லீவு. அவர் லீவு போட்டதால்தான் இவர் அன்று அவருடைய வகுப்புக்கே போயிருந்தார்.

கஹூட் என்ற நார்வேக்காரர்களின் வினாடி வினாவையும் முயன்று பார்த்தார். ஒவ்வொரு பிள்ளை கையிலும் போன் இருந்தால் பிரமாதமாக நடக்கும். பள்ளிக்குள் போன் கொண்டுவந்தால் டி.சி. என்று கேட்டில் எழுதியிருக்கிறது. கடைசியில் பிளிக்கர்ஸ் கைகொடுத்தது. பிள்ளைகளிடம் ஆளுக்கொரு அச்சடித்த அட்டை, சாரிடம் மட்டும் போன். அட்டையை எந்தப் பக்கம் மேலாகப் பிடிக்கிறார்களோ அது விடை. போன் கேமராவை வகுப்பு முழுக்க ஒரு சுற்றுக் காட்டினால் யார் சரி, யார் தப்பு என்று வந்துவிடும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் வராண்டாவில் போன தலைமையாசிரியர் கண்ணில் பட்டது, வாத்தியார் பிள்ளைகளை நிற்க வைத்து வீடியோ எடுக்கும் காட்சி.

அரவிந்த் குப்தாவின் தளத்தைக் கண்டுபிடித்தது அடுத்த கட்டம். ஐ.ஐ.டி. கான்பூரில் படித்த பொறியாளர், குப்பையிலிருந்து பொம்மை செய்து அறிவியல் சொல்லிக்கொடுத்தே 2018-இல் பத்மஸ்ரீ வாங்கியவர். சைக்கிள் வால்டியூபைத் துண்டு துண்டாக நறுக்கித் தீக்குச்சிகளைச் செருகினால் முக்கோணம் விறைப்பாக நிற்கும், சதுரம் ஆட்டம் காணும். டவர்களில் ஏன் முக்கோணம் முக்கோணமாகக் கம்பி போகிறது என்று பிள்ளைக்கு ஒரு நிமிடத்தில் விளங்கிவிடும். சார் வால்டியூப் வாங்க நாலு சைக்கிள் கடை ஏறி இறங்கினார். கிடைத்தது. சட்டைப் பையில் தீப்பெட்டியோடு பள்ளிக்குள் நுழைந்தவரைப் பற்றி அன்று மதியம் ஸ்டாஃப் ரூமில் பரவிய செய்தி மட்டும் வேறு. அவர் இன்றுவரை பீடி பிடித்ததில்லை.

இத்தனைக்கும் பிறகு எட்டு 'பி' கணக்கு பீரியடில் அவர் கொண்டுபோனது என்ன? ஒரு சாக்பீஸ். தளங்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, எல்லாம் நாள் குறித்துத் தயாராகி வருபவருக்கானவை. சப்ஸ்டிடியூஷனோ பத்து நிமிடம் முன்னால் தெரியும் விஷயம்.

உள்ளே நுழைந்ததும் வழக்கமான வரவேற்பு. "சார், பி.டி. சார்!" "சார், கிரவுண்டு சார்!" "சார், கதை சார்!"

"எல்லாரும் அவங்கவங்க அப்பா வண்டி நம்பரை நோட்ல எழுதுங்க" என்றார். வகுப்பு சட்டென்று அடங்கியது. பிள்ளைகளுக்குத் தெரிந்த நான்கு இலக்க எண் அது ஒன்றுதான், அதில் பெருமையும் உண்டு. முதல் பெஞ்சுப் பையன் 7083 என்றான். பெரிதிலிருந்து சிறிதாக அடுக்கு, 8730. சிறிதிலிருந்து பெரிதாக அடுக்கு, 0378. கழி, 8352. அதையே மறுபடி அடுக்கிக் கழி: 8532-இல் 2358 போனால் 6174. அதற்குமேல் எத்தனை தடவை செய்தாலும் 6174-தான். எந்த வண்டியாக இருந்தாலும் ஏழு கழித்தலுக்குள் அங்கேதான் வந்து நிற்கும். கண்டுபிடித்தவர் பெரிய பல்கலைக்கழகத்து ஆள் இல்லை. நாசிக் பக்கம் தேவ்லாலியில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்த கப்ரேக்கர். 1949-இல் சென்னையில் நடந்த கணித மாநாட்டில்தான் இதை அறிவித்தார். இந்த இடத்தைச் சொல்லும்போது மட்டும் சாரின் குரலில் வரலாற்று ஆசிரியர் எட்டிப்பார்த்தார்.

வகுப்பே கழித்தலில் இறங்கியது. கழித்தலை இத்தனை ஆசையாகச் செய்யும் எட்டாம் வகுப்பை அந்தக் கட்டடம் பார்த்திருக்காது. அப்போது எழுந்தாள் 1112.

"சார், 2111-ல 1112 போனா 999. திருப்பி அடுக்கினாலும் அதே 999. கழிச்சா சைபர் சார்."

சாருக்கு வேர்த்தது. அந்த வீடியோவை முக்கால்வாசிதான் பார்த்திருந்தார். போனை எடுத்தால் டவர் இல்லை. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "ஏய், முன்னாடி ஒரு சைபர் போடுடி. 0999." போட்டாள். 9990-இல் 0999 போக 8991. அப்புறம் 8082, 8532, கடைசியாக 6174. வகுப்பு கைதட்டியது. சாரும் சேர்ந்து தட்டினார், தாமே சொல்ல இருந்ததைக் கடைசி பெஞ்சு முந்திக்கொண்ட பாவனையில்.

5555 மட்டும் படியவில்லை. நான்கும் ஒரே இலக்கமாக இருந்தால் ஆட்டத்தில் சேர்த்தி இல்லை என்றார் சார். "எங்கப்பா இந்த நம்பருக்குத் தனியா காசு கட்டுனாரு சார்" என்று அந்தப் பையன் பீரியட் முடியும்வரை வாதாடினான்.

மறுநாள் கணக்கு மிஸ் வந்து போர்ஷன் முடியவில்லை, பசங்க புத்தகத்தைத் திறக்காமல் வண்டி நம்பரைக் கழித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நோட்டைப் போட்ட துணைத் தலைமையாசிரியரிடம் சண்டைக்கு நின்றார்.

அடுத்த மாதம் சாருக்கே காய்ச்சல். அமெரிக்க வழக்கப்படி நான்கு பக்கத்தில் பாடத்திட்டம் தட்டி, பதினோரு லிங்க் சேர்த்து, பதிலியாகப் போகிறவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். போனவர் பி.டி. சார். இத்தனை வருடமாகத் தன் பீரியடைப் பிடுங்கிக்கொண்ட பாட ஆசிரியர்களில் ஒருவருடைய பீரியட் கைக்கு வந்திருக்கிறது. அவர் செய்தியைத் திறக்கவே இல்லை. வகுப்பு வாசலில் நின்று விசில் ஊதினார்.

காய்ச்சல் விட்டுத் திரும்பிய சாரைப் பிள்ளைகள் வராண்டாவிலேயே மடக்கினார்கள்.

"சார், மறுபடி எப்ப சார் லீவு போடுவீங்க?"