பொய்ப் பூச்சி, மெய்ப் பசி

தூண்டில் முள்ளில் மண்புழுவைக் கோத்துப் போட்டால் ட்ரவுட் மீன் வராதா? (மதுரை வாசகர்)

தாராளமாக வரும். அதனால்தான் விடமாட்டார்கள்! இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் டெஸ்ட் என்று ஓர் ஆறு. சுண்ணாம்புப் பாறைக்குள் ஊறி வருவதால் கண்ணாடித் தண்ணீர், சீரான குளிர்ச்சி. அங்கே புழு டப்பாவோடு போனால், ஆற்றுக் காவல்காரர் உங்களையும் புழுவையும் சேர்த்தே வழியனுப்புவார். முள்ளில் இறகும் நூலும் சுற்றிச் செய்த பொய்ப் பூச்சிக்கு மட்டுமே அனுமதி.

இறகுக்கு ஏது கனம்? அதை எப்படித் தூரம் வீசுவது? (நாகர்கோவில் வாசகர்)

வீசுவது பூச்சியை அல்ல, கயிற்றை. நம்மூர்த் தூண்டிலில் ஈயக்குண்டு முன்னால் பறக்கும். நரம்பு பின்னால் ஓடும். இங்கே தலைகீழ். கனமெல்லாம் பிளாஸ்டிக் பூசிய தடித்த கயிற்றில். அதன் முனையில் மெல்லிய நரம்பு. அதன் நுனியில் பூச்சி. கோலைப் பின்னால் வீசி, கயிறு முதுகுக்குப் பின்னே முழுசாக விரியும்வரை பொறுத்து, பிறகு முன்னால் தள்ள வேண்டும். அந்தப் பொறுமைதான் யாருக்கும் வருவதில்லை. பின்னால் மரம் இருந்தால், அன்றைய முதல் வேட்டை அதுதான்.

மீன் பிடிக்க ஏன் சாயங்காலத்தையே எல்லாரும் சொல்கிறார்கள்? வெயிலுக்குப் பயமா? (சென்னை வாசகி)

ஹாம்ப்ஷயரில் வெயிலுக்குப் பயப்பட ஒன்றும் இல்லை. ஜூன் தொடக்கத்தில் சூரியன் மறையவே இரவு ஒன்பது தாண்டும். சாப்பிட்டு முடித்தே கிளம்பலாம்.

காரணம் ‘மேஃப்ளை’ என்ற பூச்சி. நம் ஈசலுக்கு ஒன்றுவிட்ட தங்கை என்று வைத்துக்கொள்ளுங்கள் (பூச்சியியல்காரர்கள் மன்னிக்க). இளம்பருவம் முழுக்க, அதாவது ஏறக்குறைய இரண்டு வருடம், ஆற்றின் அடிச் சேற்றுக்குள் கழிகிறது. பிறகு மேலே வந்து, தோலுரித்து, இறக்கை விரித்தால் ஆயுள் ஓரிரு நாள்தான். சாப்பாடு கிடையாது, வாய் வேலையே செய்யாது. கல்யாணம், முட்டை, மரணம், அவ்வளவு. காற்று அடங்கிய அந்தியில் முட்டையிட்டு முடித்தவை இறக்கையைப் பரப்பியபடி தண்ணீரில் விழுந்து மிதந்து வரும். ட்ரவுட்டுக்குத் துரத்தும் வேலை மிச்சம். நின்ற இடத்தில் நின்று உறிஞ்சும். மேலே ஒரு சிறு வட்டம் விரியும். ‘சளப்’ என்று துள்ளுவது பெரும்பாலும் பொடிப்பயல். உதடு மட்டும் தெரிகிற சின்ன வட்டத்துக்குக் கீழேதான் பெரிய ஆள் இருக்கக்கூடும். வெளிச்சம் மங்குவதால் அதற்கும் தைரியம் கூடும்; உங்களுக்குத்தான் முடிச்சுப் போடக் கண் தெரியாது.

மூக்கருகே போட்டும் மீன் கண்டுகொள்ளவில்லை. பூச்சியின் நிறம் சரியில்லையோ? (கோவை வாசகர்)

கடைக்காரர் அப்படித்தான் சொல்வார்; நான் நிறத்தைக் கடைசியில்தான் சந்தேகிப்பேன். ஆற்றில் ஒவ்வொரு பட்டையும் ஒவ்வொரு வேகத்தில் ஓடும். கயிறு வேகமான பட்டையில் கிடந்தால் பூச்சியை இழுத்துக்கொண்டு போகும். செத்த பூச்சி ஓட்டப்பந்தயம் ஓடினால் எந்த மீன் நம்பும்? மீனுக்குக் கீழ்ப்புறம் நின்று மேல்நோக்கி வீசுங்கள், நரம்பைக் கொஞ்சம் தளர்வாக விழவிடுங்கள். அடுத்து, பூச்சியின் அளவைக் குறைத்துப் பாருங்கள்.

கரையில் நின்று பேசலாமா? (திருச்சி வாசகர்)

அரசியல்கூடப் பேசலாம். காற்றில் வரும் சத்தம் பெரும்பாலும் தண்ணீர் மேற்பரப்பிலேயே திரும்பிவிடும். தொம் தொம்மென்று நடப்பதுதான் ஆபத்து. அந்த அதிர்வு மண்வழியே போய் மீனின் விலாவில் ஓடும் உணர்கோட்டில் தட்டும். மீன் நீரோட்டத்தை எதிர்த்தே நிற்கும் என்பதால், பின்பக்கமாக, குனிந்து போங்கள்.

இதிலும் கோஷ்டிச் சண்டை உண்டாமே? (ஈரோடு வாசகர்)

இல்லாமலா! மிதக்கும் பூச்சி மட்டுமே கௌரவம் என்ற கோஷ்டிக்கு ஹால்ஃபோர்ட் தலைவர். அவர் புத்தகம் வந்தது 1886ல். மீன் பெரும்பாலும் தின்பது தண்ணீருக்குள் இருக்கும் இளம்பூச்சிகளைத்தானே என்று 1910ல் எழுதினார் ஸ்கூஸ் என்ற வக்கீல். 1938ல் லண்டன் கிளப் ஒன்றில் இதற்கென்றே விவாதம் வைத்தார்கள். என் ஓட்டு வக்கீலுக்கு.

இது ஆண்கள் ஆட்டம்தானே? (சேலம் வாசகர்)

1922ல் ஸ்காட்லாந்தின் டே ஆற்றில் 64 பவுண்டு சால்மன் மீனைப் பிடித்தவர் ஜார்ஜினா பாலன்டைன் என்ற பெண். தூண்டிலில் பிடித்த சால்மனில் பிரிட்டனின் சாதனை இன்றும் அதுதான். பொய்ப் பூச்சியில் பிடித்ததல்ல என்று முணுமுணுப்போர் முணுமுணுக்கட்டும்.

நம் நீலகிரியிலும் ட்ரவுட் உண்டே, போகலாமா? (ஊட்டி வாசகி)

உண்டு, ஆனால் வந்தேறி. 1863ல் பிரான்சிஸ் டே என்பவர் கொண்டுவர முயன்று தோற்றார். 1907ல் எச்.சி. வில்சன் என்பவர் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைத்த பிறகே ரெயின்போ ட்ரவுட் காலூன்றியது. அது விருந்தாளியாக அடங்கியிருக்கும் ரகமல்ல. பூச்சி, தலைப்பிரட்டை, குட்டி மீன் எதையும் விடாது. முக்கூர்த்தி தேசியப் பூங்காவுக்குள் தூண்டிலுக்குத் தடை. அந்தத் தடை சரி என்பதே என் கட்சி. மற்ற இடங்களில் மீன்வளத் துறையைக் கேட்காமல் கோலை எடுக்காதீர்கள்.

பிடித்த மீனைத் திரும்ப ஆற்றிலேயே விடுவதென்றால் எதற்குப் பிடிக்க வேண்டும்? (தஞ்சை வாசகர்)

சீட்டாடி முடித்ததும் சீட்டைத் தின்கிறோமா? ஆனால் விடுவதையும் ஒழுங்காகச் செய்ய வேண்டும். முள்ளின் நுனியருகே பின்னோக்கி நீட்டியிருக்கும் எதிர்முள்ளை முன்பே இடுக்கியால் நசுக்கிவிடுங்கள்; கழற்றுவது சுலபம். உலர்ந்த கையால் தொட்டால் மேலிருக்கும் வழுவழுப்பு போய், பூஞ்சை பிடிக்கும், கையை நனைத்துக்கொள்ளுங்கள். நீரோட்டத்துக்கு எதிர்முகமாகப் பிடித்து, அது தானாக உதறிக்கொண்டு போகும்வரை காத்திருங்கள். தண்ணீர் சூடானால் அதில் பிராணவாயு குறையும். களைத்த மீன் பிழைக்காது. பையில் ஒரு தெர்மாமீட்டர் இருக்கட்டும். 20 டிகிரி செல்சியஸைத் தொட்டால் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போங்கள்.