காளிக்கு ஊக்கு எடுத்துக் கொடுத்தவன்

என் மகளுக்கு ஐந்து வயது நடக்கும்போது, ஒரு கரடி அவள் கண் முன்னாலேயே தலையைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு டீ குடித்தது.

சென்னைக்கு வெளியே ஒரு பொழுதுபோக்குப் பூங்கா. வாசலில் அந்தக் கரடி இவளைக் கட்டிப்பிடித்துப் போட்டோ எடுத்துக்கொண்டு டாட்டா காட்டி அனுப்பியிருந்தது. அரை மணி நேரம் கழித்து ஐஸ்கிரீம் வண்டிக்குப் பின்பக்கம் ஒதுங்கினால், கழுத்துக்குக் கீழே கரடி, கழுத்துக்கு மேலே வியர்த்து வழிகிற ஒரு பையன். காதில் போன் வேறு. "சம்பளம் இன்னும் ஏறலண்ணே" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தான். மகள் போட்ட அலறலில் ராட்டினமே நின்றுவிட்டதோ என்று திரும்பிப் பார்த்தேன். கரடியின் தலை போய்விட்டது என்று அழுகிறாளா, கரடியே பொய் என்று அழுகிறாளா என்று விசாரிக்கும் நிலையில் அவள் இல்லை. பையன் பதறிப்போய்த் தலையை எடுத்து மாட்டினான். மாட்டிய வேகத்தில் முகம் முதுகுப் பக்கம் போய்விட்டது. அழுகை இரண்டு மடங்கானது.

"உள்ள ஆள் இருக்குன்னு முன்னாடியே சொல்லி வச்சிருக்கலாமில்ல?" என்றாள் மனைவி, தப்பு என்னுடையது என்ற முடிவோடு. எனக்கு அந்தப் பையன் மேல் துளி கோபம் வரவில்லை. அந்த உடைக்குள் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். நானே ஒரு தசராவுக்குக் குரங்காக இருந்தவன்.

என் ஊர் சாத்தான்குளம். பெயரைச் சொன்னதும் சென்னையில் பலரும் ஒரு அடி பின்னால் நகர்வார்கள். பைபிளில் வருகிற சாத்தான் இல்லை ஐயா, அது சாத்தன், சாஸ்தா, ஐயனார் வகையறா என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்வதை நானும் சொல்லிப் பார்ப்பேன். நம்பமாட்டார்கள். ஊருக்கே அப்படி ஒரு வேஷம். செம்மண் தேரியும் பனையும் கடந்து, கருப்பட்டிக்குப் பேர்போன உடன்குடி வழியாகக் கிழக்கே போனால் கடற்கரையில் குலசேகரன்பட்டினம், எங்களுக்குக் குலசை. 2024 பிப்ரவரியில் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு அங்கே அடிக்கல் நாட்டிய பிறகுதான் என் ஆபீஸில் குலசை என்றால் தலையாட்டுகிறார்கள். எங்களுக்கோ அது முத்தாரம்மன் ஊர். மைசூருக்கு அடுத்தபடி தசரா என்றால் குலசைதான் என்று சொல்லிச் சொல்லி, மைசூர்தான் எங்களுக்கு அடுத்தபடி என்கிற எண்ணத்துக்கு வந்துவிட்டோம்.

அங்கே தசராவை வேடிக்கை பார்க்க மட்டும் போகிறவர்கள் குறைவு. வேஷம் கட்டிப் போவார்கள். புரட்டாசியில் கொடியேறியதும் கோயிலில் காப்பு வாங்கிக் கையில் கட்டிக்கொண்டு, நேர்ந்துகொண்ட வேஷத்தைப் போட்டு, வீடு வீடாகக் காணிக்கை எடுத்து, பத்தாம் நாள் ராத்திரி கடற்கரையில் மகிஷாசுர சம்ஹாரம் பார்த்து, எடுத்த காசைக் கோயிலில் சேர்த்துவிட்டுக் காப்பை அவிழ்க்க வேண்டும். குரங்கு, கரடி, குறவன், குறத்தி, ராஜா, எலும்புக்கூடு, பிச்சைக்காரன் என்று வேஷத்துக்குக் கணக்கில்லை. எல்லாவற்றுக்கும் மேலே காளி. சாதாரண வேஷக்காரர்கள் பதினொரு நாள், இருபத்தொரு நாள் விரதத்தில் சமாளித்துவிடலாம். காளிக்கு நாற்பத்தொரு நாள்.

எங்கள் தெருவில் காளி கட்டியவர் எதிர்வீட்டு மாமா. மற்ற நாளில் தையல்காரர். தீபாவளிக்குத் தைக்கக் கொடுத்த டவுசரைப் பொங்கலுக்குக் கொடுப்பார். அதுவும் இடுப்பில் நிற்காது. கேட்டால், "வளருத பயதானல" என்பார். அப்படிப்பட்டவர் ஆவணி பிறந்தால் பீடியை விட்டுவிட்டு, தெரு முனையில் ஓலைக் குடிலில் ஒரு வேளைச் சோற்றோடு ஒடுங்கிவிடுவார். அத்தை மட்டும் அந்த நாட்களில் ரொம்பத் தெளிச்சியாக இருப்பாள்.

ஒன்பது வயதில் எனக்கு அந்தக் குடிலுக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்தே ஆகவேண்டும் என்ற வெறி. ஓலையை விலக்கி எட்டிப் பார்த்தேன். ஒளிந்து பார்ப்பவனை விரட்டுவார்கள் என்றுதானே நினைப்போம்? மாமா கண்ணாடியிலிருந்து திரும்பாமலே, "ஏல, சும்மாதான நிக்க, உள்ள வா. அந்த ஊக்க எடு" என்றார்.

அன்றைக்கு முழுவதும் நான்தான் ஊக்குக்காரன். முகத்தில் சிவப்புச் சாயம் ஏறுவதைப் பார்த்தேன். சிவப்புச் சேலையைக் கட்டி, இடுப்பில் மணி கட்டி, ருத்திராட்சத்தைப் போட்டு, முதுகோடு சேர்த்துப் பொய்க்கைகளைக் கட்டினார்கள். சேலை முந்தி நழுவாமல் இருக்க இடது தோளுக்குப் பின்னால் இரண்டு ஊக்கு. எடுத்துக் கொடுத்தது நான். ஒன்று துருப்பிடித்தது. அது தோளில் குத்தியதும் மாமா சொன்ன வார்த்தையை விரதக்காரர் சொல்லக்கூடாது. பிறகு வாயில் வீரப்பல், கண்ணுக்கு மேல் கண்மலர், நெற்றியில் பட்டை. அதுவரைக்கும் மாமா ஊர்க்கதை பேசிக்கொண்டுதான் இருந்தார். கடைசியில் சடைமுடியையும் கிரீடத்தையும் இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தலையில் இறங்கியது. வெளியே மேளம் விழுந்தது. மாமா ஒருமுறை குலுங்கினார். என்னைப் பார்த்தார். பார்த்தது மாமா இல்லை.

நான் டவுசரோடு மூத்திரம் போனேன். அவர் தைத்துக் கொடுத்த டவுசர்தான்.

இதைத்தான் இத்தனை வருஷமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். அந்தக் காளியின் தோளில் ஊக்கு எங்கே இருக்கிறது, அதில் எது துரு என்பது வரை எனக்குத் தெரியும். தெரிந்தும் கை கால் நடுங்கியது. அரை மணி நேரத்துக்கு முன்னால் உள்ளே இருக்கும் ரகசியத்தை எல்லாம் பார்த்துவிட்ட பெருமையில் இருந்தவன், திருநீறு வாங்க ஆச்சியின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு வரிசையில் நின்றேன்.

வரிசையில்தான் அந்தத் தப்பு நடந்தது. பயத்தைப் போக்கிக்கொள்ள நினைத்து, "ஆச்சி, இது நம்ம மாமாதான?" என்று கேட்டுவிட்டேன். ஆச்சி மண்டையில் ஒரு கொட்டு வைத்தாள். "அம்மையப் போயி மாமாங்கியே, வெளங்குவியால நீ?" காளியும் அதைக் கேட்டிருக்க வேண்டும். என் நெற்றியில் பூசிய திருநீற்றில் பாதி கண்ணுக்குள் போனது. அந்த அழுத்தம் தெய்வத்துடையதா தையல்காரருடையதா என்பது இன்றைக்கும் தீராத சந்தேகம். ஆச்சிக்கு அது யார் என்று தெரியாமல் இல்லை. ரவிக்கைத் துணியைக் கெடுத்துவிட்டார் என்று மூன்று மாதமாக மாமாவோடு பேச்சுவார்த்தை இல்லாதவள். அவள்தான் முதல் ஆளாகக் காலில் விழுந்தாள். எங்கள் பக்கத்துச் சட்டம் இவ்வளவுதான். உள்ளே யார் என்று தெரிந்துகொள்ளலாம், பார்க்கலாம், ஊக்கும் எடுத்துக் கொடுக்கலாம். பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடாது.

டிஸ்னிக்காரர்கள் இதை நேர் எதிராகச் செய்கிறார்கள். 1955-இல் கலிபோர்னியாவில் டிஸ்னிலேண்டைத் திறந்த பிறகு, எதிர்கால உலகம் என்று கட்டிவைத்த பகுதிக்குள் ஒரு கௌபாய் வேஷக்காரர் வேலைக்குப் போகிற வழியாக நடந்து போனதைப் பார்த்து வால்ட் டிஸ்னிக்கு மனசே ஆறவில்லையாம். 1971-இல் ஃபுளோரிடாவில் திறந்த பூங்காவுக்கு அடியில் சுரங்கப் பாதையே போட்டுவிட்டார்கள். வேஷக்காரர்கள் கீழேயே நடந்து போய்த் தங்கள் இடத்தில் மேலே வருவார்கள். கூட்டத்துக்கு முன்னால் யாரும் தலையைக் கழற்றக்கூடாது. வெளியே யாராவது நீ என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்டால், "நான்தான் மிக்கி" என்று சொல்லமாட்டார்கள். "நான் மிக்கியின் சிநேகிதன்" என்பார்கள். இத்தனைக்கும் அந்த வால்ட் டிஸ்னியே 1928 முதல் பல வருஷம் மிக்கிக்குக் குரல் கொடுத்தவர். எலிக்குள் இருந்த முதல் ஆள் முதலாளிதான்.

ஒரு பூங்காவில் ஒரே சமயத்தில் இரண்டு மிக்கி கண்ணில் பட்டுவிடக்கூடாது என்பதிலும் அவர்கள் கவனம். இதைப் படித்தபோது எனக்குக் குலசைச் சாலைதான் ஞாபகம் வந்தது. தசராவில் நின்ற இடத்திலிருந்து பதினைந்து காளியை எண்ணலாம். ஒரு காளி டெம்போவில் போகும். ஒரு காளி டிவிஎஸ் ஐம்பதின் பின்சீட்டில், கிரீடத்தை மடியில் வைத்துக்கொண்டு. இரண்டு காளிகள் எதிரெதிரே வந்தால் ஒன்றையொன்று கும்பிட்டுக்கொள்ளும். இதில் நிஜ அம்மன் யார் என்று ஆச்சியிடம் கேட்டிருக்கிறேன். ஆச்சி யோசிக்கவே இல்லை. "எல்லாம் ஒரே அம்மைதான். இந்தக் கூட்டத்துக்கு ஒருத்தியாட்டு வந்தா தாங்குமால?"

பிச்சைக்கார வேஷம் இன்னும் வேடிக்கை. எங்கள் கடைத்தெருவில் மண்டி வைத்திருந்த ஒருவர் வருஷா வருஷம் கந்தல் கட்டித் தகரக் குவளையோடு வருவார். அவரிடம் கடன்பட்டவர்கள் எல்லாம் அன்றைக்கு அவருக்குக் காசு போடுவார்கள். நாலணா போட்டுவிட்டு நிமிர்ந்து பார்க்கிற சுகத்துக்காகவே வரிசையில் நிற்பார்கள். அவரும் தலையைக் குனிந்து வாங்கிக்கொள்வார். மறுவாரம் வட்டி அதே வட்டிதான்.

நான் குரங்கான கதைக்கு வருகிறேன். கல்லூரியில் கணக்கில் இரண்டு அரியர். அம்மா நேர்ந்துவிட்டாள். வெயிலில் கம்பளி மாதிரி ஒரு உடுப்பு, முகமூடி, பின்னால் ஊக்கு மாட்டிய வால். முதல் நாளே மூன்று விஷயம் புரிந்தது. முகமூடிக்குள் தன் மூச்சே தனக்குப் பகை. வால் இருப்பவன் பஸ்ஸில் உட்கார முடியாது. தெருநாய்க்கு பக்தி கிடையாது. மற்றபடி சுகமாகத்தான் இருந்தது. யாருக்கும் என்னைத் தெரியவில்லை என்ற தைரியத்தில் மதிலேறிக் குதித்தேன், கடைக்காரர் தலையில் பேன் பார்த்தேன், பழத்தைப் பிடுங்கினேன். பிள்ளைகள் கெக்கலித்தன. அப்படியே ஒரு வீட்டு வாசலில் போய்க் கையை நீட்டினேன். கதவைத் திறந்தது என் பழைய கணக்கு வாத்தியார். ஐந்து ரூபாயைக் கையில் வைத்தார். என் நடையை ஒரு நிமிஷம் பார்த்தார். "குரங்கு சாமி, இந்தத் தடவையாவது பாஸாயிருமா?" என்றார்.

குரங்கு பேசக்கூடாது. பல்லைக் காட்டினேன், அது முகமூடிக்குள்ளேயே நின்றுவிட்டது. வாத்தியார் பெயரைச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். கும்பிட்டுவிட்டுத்தான் கதவைச் சாத்தினார்.

இந்த விஷயத்தில் நாங்கள் தனி ஆள் இல்லை. கேரளத்தில் கண்ணூர்ப் பக்கம் தெய்யம் கட்டுகிறவர், ஒப்பனை முடிந்ததும் கோயில் முன்னால் கைக்கண்ணாடியில் தன் முகத்தைப் பார்ப்பார். அதிலிருந்துதான் அவர் தெய்வம். ஊரே சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருக்கும். திரை கிடையாது, சுரங்கம் கிடையாது. நம் தெருக்கூத்தில் கட்டியங்காரன், வந்திருக்கிற ராஜாவையே நடுச்சபையில் கிண்டல் பண்ணுவான். அதற்காக விடியற்காலத்தில் துரியோதனன் சாகும்போது யாரும் சிரிப்பதில்லை. குலசைக்கும் கெட்டுப்போகிற நேரம் வந்தது. சினிமாப் பாட்டுக்கு ஆபாச ஆட்டம் ஆடக்கூடாது என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொல்லவேண்டி வந்தது. குடிலுக்குள் எட்டிப் பார்த்த பிள்ளைகளால் வந்த வினை இல்லை அது.

கரடி சம்பவத்துக்கு இரண்டு வருஷம் கழித்து மகளைக் குலசைக்குக் கூட்டிப்போனேன். மனைவிக்கு இஷ்டமில்லை. "ஒரு கரடிக்கே நாலு நாள் சோறு இறங்கல. அங்க காளின்னா?" அவள் கோயம்புத்தூர்க்காரி, நியாயமாகத்தான் பேசுவாள்.

பயந்த மாதிரியே ஆயிற்று. கோயிலுக்குப் போகும் சாலையில் ஒரு பெட்டிக்கடை. பெஞ்சில் காளி. முதுகுக் கைகளைக் கழற்றிப் பெஞ்சோரம் சாய்த்து வைத்திருந்தார். சடைமுடி மட்டும் தலையில். வீரப்பல்லுக்கு நடுவே ஸ்ட்ரா செருகிப் பன்னீர் சோடா குடித்துக்கொண்டிருந்தார். சிவப்புச் சாயத்துக்குக் கீழே மீசை. நான் மகளின் கண்ணைப் பொத்தப் போனேன். அவள் என் கையைத் தட்டிவிட்டு, நேரே போய்ப் பெஞ்சுக்கு முன்னால் நின்று, சென்னைப் பிள்ளைக்கே உரிய தெளிவோடு கேட்டாள்:

"உள்ள யாரு இருக்கா?"

கடைக்காரர் கிளாஸ் கழுவுவதை நிறுத்திவிட்டார். காளி ஸ்ட்ராவை வாயிலிருந்து எடுத்தது. குனிந்து அவளைப் பார்த்தது.

"உள்ள ஒரே வேக்காடு, தாயி" என்றது.

மகள் கொஞ்ச நேரம் அதை யோசித்தாள். பிறகு கடையில் தொங்கிய ஓலை விசிறியை, யாரையும் கேட்காமல் எடுத்து, இரண்டு கையாலும் விசிற ஆரம்பித்தாள். காளி கண்ணை மூடிக்கொண்டது. அதற்குள் ஒரு பாட்டி வந்து, "எம்மா, தாயே" என்று காலில் விழ, காளி ஒரு கையில் சோடா பாட்டிலோடு மறு கையால் திருநீறு போட்டது. பாட்டிக்குப் பின்னால் ஒரு வரிசையே சேர்ந்துவிட்டது. மகள் விசிறுவதை நிறுத்தவில்லை.

"அப்பா," என்றாள் என் பக்கம் திரும்பாமல், "அவங்க கையெல்லாம் சரியுது பாருங்க. பிடிங்க."

ஓடிப்போய்ப் பிடித்தேன். சூலம் வைத்திருந்த கையும் சேர்ந்து வந்தது. நல்ல கனம்.