பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தில் டீசலும் பெட்ரோலும்: ஒரு திணையியல் ஆய்வு

ஆய்வின் தேவை

பெரம்பலூர் புதிய பேருந்து நிலையத்தை ஒட்டிய டீக்கடைகளில் தீர்ப்பு வராமல் இழுத்துக்கொண்டிருக்கும் வழக்குகள் இரண்டு. ஊருக்கு ரயில் எப்போது வரும் என்பது ஒன்று. கார் எடுத்தால் டீசலா, பெட்ரோலா என்பது இன்னொன்று. முன்னது ரயில்வே அமைச்சகத்தின் வரம்புக்குட்பட்டது; நாம் தலையிடுவதற்கில்லை. பின்னதில் இதுவரை நிகழ்ந்த ஆராய்ச்சி அனைத்தும் வாய்மொழி மரபைச் சேர்ந்தது. மாமனார், மச்சான், மெக்கானிக் என்னும் மூவர் வழியே கைமாறி வந்ததால் பாடபேதம் மலிந்தது. ஒரே வண்டி, சொந்தக்காரர் வாயில் லிட்டருக்கு 22 கிலோமீட்டர் கொடுக்கிறது. அவர் மனைவி வாயில் 14 கொடுக்கிறது. விற்கப் போகும்போது 26 கொடுக்கிறது. இந்தப் பாடங்களை ஒப்புநோக்கிச் செம்பதிப்பு ஒன்று காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

களமும் அதன் தகுதியும்

இவ்விரு மாவட்டங்களையும் களமாகக் கொண்டதற்குக் காரணம் உண்டு. 1995இல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் பிரிந்தது. 2001இல் பெரம்பலூரிலிருந்து அரியலூர் பிரிந்தது. 2002இல் திரும்பச் சேர்ந்தது. 2007 நவம்பர் 23இல் மறுபடியும் பிரிந்தது. ஒரே மண், ஒரே வெயில், ஒரே சொந்தக்காரர்கள். நம்பர் பிளேட் மட்டும் இங்கே டி.என். 46, அங்கே டி.என். 61. கோடி கொட்டினாலும் அறிவியலாருக்கு அமையாத ஒப்பீட்டுச் சோதனைக்கூடம் நமக்கு அரசாணையிலேயே கிடைத்திருக்கிறது.

முக்கியமான வேறுபாடு ஒன்றுதான். அரியலூர், விழுப்புரத்திலிருந்து திருச்சிக்குப் போகும் கார்டு லைனில் உள்ள ஊர். பெரம்பலூரோ தண்டவாளம் தொடாத மாவட்டத் தலைநகர். அதற்கு ஈடாகச் சென்னை–திருச்சி நான்குவழிச் சாலை ஊரை உரசிக்கொண்டு போகிறது. ஆகவே சென்னையில் ஒரு வளைகாப்பு என்றால் அரியலூர்க்காரர் டிக்கெட் பார்க்கிறார். பெரம்பலூர்க்காரர் கார் சாவியைத் தேடுகிறார். இது பின்னால் கணக்கில் பெரிதாக வந்து நிற்கும்.

நிலவியல் சான்றையும் விடுவதற்கில்லை. கிரிட்டேசியஸ் காலத்தில் இவ்வட்டாரம் கடல். சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரமும், காரைப் பகுதியில் அம்மோனைட் எச்சங்களும் இன்றும் கிடக்கின்றன. அதே காவிரிப் படுகையின் கிழக்கே, நாகை பக்கம் நரிமணத்தில், மடிந்த உயிர்கள் எண்ணெயாகின. மேற்கே, இங்கே, அவை சுண்ணாம்புக்கல்லாகின. நரிமணத்துக்கு எண்ணெய்க் கிணறு. அரியலூருக்குச் சிமெண்ட் ஆலை. எரிபொருள் விஷயத்தில் இவ்வட்டாரத்தாருக்கு உள்ள மனக்குறை ஏறக்குறைய 10 கோடி ஆண்டுப் பழமை உடையது என்று துணியலாம்.

திணைப் பகுப்பு

மரபுப்படி முதல், கரு, உரி என வகுத்துக்கொள்வோம்.

டீசல் திணைக்கு நிலம், நான்குவழிச் சாலையும் அதைச் சார்ந்த இடமும். சிறுபொழுது, விடியற்காலை 4 மணி. கருப்பொருள், திருமாந்துறை, சமயபுரம் சுங்கச்சாவடிகள், டிக்கியில் ஒரு மூட்டை சின்ன வெங்காயம், பின்சீட்டில் தூங்கும் நால்வர். உரிப்பொருள், கணக்குப் பார்த்தலும் பார்த்தல் நிமித்தமும்.

பெட்ரோல் திணைக்கு நிலம், கடைவீதியும் பள்ளிக்கூட வாசலும். சிறுபொழுது, மாலை. கருப்பொருள், வேகத்தடை, காய்கறிப் பை, டியூஷன் விட்டு வரும் பிள்ளைகள். உரிப்பொருள், "இந்தா இருக்கிற இடம், வண்டியிலேயே போயிட்டு வந்துருவோம்" என்னும் மனநிலை.

இரு திணைக்கும் பொதுவான பொழுது ஒன்று உண்டு. அது காலை 6 மணி. 2017 ஜூன் 16 முதல் நாடு முழுவதும் தினசரி விலை மாற்றம் அமலுக்கு வரும் நேரம் அது.

பெட்ரோல் நிலத்தில் வாழ்ந்துகொண்டு டீசல் வண்டி வைத்திருப்பது திணைமயக்கம். இவ்வட்டாரத்துச் சிக்கல் முழுவதும் இந்த மயக்கத்திலிருந்தே பிறக்கிறது என்பது நமது கருதுகோள்.

தரவு சேகரிப்பும் அதன் இடர்களும்

கல்யாண மண்டபப் பந்தி வரிசையில் நடக்கும் நேர்காணல் பொதுவாக இப்படி அமையும்:

"என்ன மாப்ள, வண்டி எவ்வளவு குடுக்குது?"

"இருபத்திரண்டு குடுக்குதுங்க மாமா."

"ஏசி போட்டா?"

"ஏசி போட்டா இருபது."

"டவுனுக்குள்ள?"

"டவுனுக்குள்ள யாருங்க மாமா கணக்குப் பாக்குறா?"

இந்த நேர்காணலில் கவனிக்க வேண்டியது பதில்களை அல்ல, கேட்கப்படாத கேள்வியை. மாமா மைலேஜ் கேட்டார், ஏசி கேட்டார், டவுன் கேட்டார். வருடத்துக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டுகிறாய் என்று மட்டும் கேட்கவில்லை. யாரும் கேட்பதில்லை.

அளவை முறையிலும் குறை உண்டு. டேங்கை நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பிப் பார்ப்பதே சரியான முறை. ஆனால் பங்க்கில் "ஜீரோ பாத்துக்குங்கண்ணே" என்றதும் நடப்பதைப் பாருங்கள். நாசில் தானாக நின்ற பிறகும் ஆய்வாளர் விடுவதில்லை. டீசல் நுரைத்துக்கொள்ளும் என்பதால் வண்டியின் பக்கவாட்டில் இடுப்பைக் கொடுத்து இரண்டு ஆட்டு ஆட்டுகிறார். நுரை அடங்கியதும் "இன்னும் கொஞ்சம் விடு தம்பி" என்கிறார். விற்பனையாளர் ரூபாயை ரவுண்டாக்குகிறார். அடுத்த முறை வேறு பங்க், வேறு நாசில், வேறு எண்ணிக்கை ஆட்டல். விடை மட்டும் 21.7 என்று தசம சுத்தமாக வருகிறது.

மூலக் கணக்கு

எனவே யாரும் சண்டைக்கு வராத எண்களையே எடுத்துக்கொள்கிறோம். 2024 மார்ச்சில் எண்ணெய் நிறுவனங்கள் 2 ரூபாய் குறைத்தபின் சென்னையில் பெட்ரோல் 100 ரூபாய்ச் சொச்சம், டீசல் 92 ரூபாய்ச் சொச்சம். நம் ஊருக்கு 101, 93 என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 15 கிலோமீட்டர், டீசல் வண்டி 20. கிலோமீட்டருக்குப் பெட்ரோல் செலவு 6 ரூபாய் 73 காசு. டீசல் செலவு 4 ரூபாய் 65 காசு. மிச்சம் 2 ரூபாய் 8 காசு.

ஒரே மாடலில் டீசல் வண்டிக்கு ஒரு லட்சம் முதல் ஒன்றரை லட்சம் வரை கூடுதல் விலை. நடுவாக 1,25,000 என்று கொண்டு 2.08 ஆல் வகுத்தால் சுமார் 60,000 கிலோமீட்டர். அவ்வளவு ஓடிய பிறகுதான் டீசல்காரர் முதல் ரூபாயை மிச்சம் பிடிக்கத் தொடங்குகிறார். தவணை வட்டியையும் டீசலுக்கு ஆகும் கூடுதல் சர்வீஸ் செலவையும் சேர்த்தால் அந்த நாள் இன்னும் தள்ளிப்போகும்.

60,000 என்பது காகிதத்தில் ஓர் எண். இதைத் தரையில் இறக்கிப் பார்ப்போம்.

முதல் மாதிரி: பெரம்பலூரில் குடியிருந்து அரியலூரில் வேலை பார்க்கும் ஆசிரியர். ஒரு வழி சுமார் 30 கிலோமீட்டர். 60,000 கிலோமீட்டர் என்பது சரியாக ஆயிரம் முறை போய்வருவது. வருடத்துக்கு 250 வேலை நாள் என்றால் 4 வருடம். இவருக்கு டீசல் தகும்.

இரண்டாம் மாதிரி: சென்னையில் சொந்தபந்தம் நிறைந்த பெரம்பலூர்க்காரர். ஒரு வழி சுமார் 270 கிலோமீட்டர். ஒரு தடவை போய்வந்தால் மிச்சம் 1,100 ரூபாய் சொச்சம். முதலை எடுக்க 111 விசேஷங்கள் தேவை. சொந்தக்காரர்கள் ஒத்துழைத்தால் நடக்கக்கூடியதே. ஆனால் அத்தனைக்கும் வைக்க வேண்டிய மொய் இக்கணக்கில் சேர்க்கப்படவில்லை.

மூன்றாம் மாதிரி: வளைகுடாவிலிருந்து ஊர் திரும்பி, வண்டியை வீட்டு நிழலில் நிறுத்தி, சிறுவாச்சூர் மதுரகாளியம்மனுக்கு மட்டும் எடுப்பவர். கோயில் வழக்கமாகத் திங்கள், வெள்ளிகளில்தான் நடை திறக்கும். போக வர 16 கிலோமீட்டர். ஒரு நடையும் தவறாமல் போனாலும் வருடத்துக்கு 1,664 கிலோமீட்டர்தான். டீசல் வண்டியின் கூடுதல் விலையை மீட்க 36 வருடம் ஆகும். இடையில் 15ஆம் வருடத்தில் ஆர்.சி.யைப் புதுப்பித்து, அதன்பின் ஐந்தைந்து வருடமாக மேலும் நான்கு தடவை ஆர்.டி.ஓ. அலுவலகம் போய்வர வேண்டும். அந்தக் கிலோமீட்டரைச் சேர்த்துக்கொண்டால் சில நாள் குறையும்.

தடையும் விடையும்

தடை 1: "டீசல் விலை மலிவாக இருந்த காலத்தில் இந்தக் கணக்கு செல்லாதே?" செல்லும். 2012 மே மாதம் பெட்ரோல் விலை ஒரே இரவில் ஏழரை ரூபாய் ஏறியபோது டெல்லியில் பெட்ரோல் 73.18, டீசல் 40.91. வித்தியாசம் 32 ரூபாய்க்கு மேல். டீசல் வண்டிக்கு மாதக்கணக்கில் காத்துக் கிடந்த பொற்காலம். அந்த விலையை இதே சூத்திரத்தில் போட்டால் 44,000 கிலோமீட்டர் வருகிறது. அதாவது நம் சிறுவாச்சூர் பக்தர் அந்தப் பொற்காலத்திலும் 26 வருடம் காத்திருக்க வேண்டும். 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு நீங்கியது. 2020 ஜூனில் டெல்லியில் டீசல் பெட்ரோலையே தாண்டியது. விலை இத்தனை ஆடியும் விடையைப் புரட்டிப் போட்டது விலை அல்ல, ஓட்டம்தான்.

தடை 2: "டீசலுக்கு இழுவை உண்டே?" உண்டு. லிட்டருக்கு லிட்டர் டீசலில் ஆற்றல் கூடுதல். எஞ்சினும் காற்றை அதிகம் அழுத்தி எரிப்பதால் அந்த ஆற்றலைச் சிக்கனமாகச் செலவிடும். சுண்ணாம்புக்கல் ஏற்றிய டிப்பர் லாரிக்குப் பின்னால் புழுதி குடித்துக்கொண்டே வரும்போது, கியர் மாற்றாமல் மிதித்து ஏறிவிடலாம். எனினும் முன்னால் இன்னொரு டிப்பர் இருக்கும். புழுதியில் அடைபடும் ஏர் ஃபில்டர் எரிபொருள் பேதம் பார்ப்பதில்லை.

தடை 3: "கொஞ்சமாக ஓட்டினால் டீசல் வண்டி நீண்ட நாள் உழைக்குமே?" நேர்மாறு. 2020 ஏப்ரல் முதல் வரும் பி.எஸ். 6 டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி உண்டு. நெடுஞ்சாலையில் ஒரே சீராகக் கொஞ்ச நேரம் ஓடினால்தான் அந்தக் கரி சூடேறி எரிந்துபோகும். கடைவீதிக்கும் கோயிலுக்கும் மட்டும் போனால் அடைத்துக்கொண்டு விளக்கெரியும். அம்மனுக்கு ஏற்றிய விளக்கு போக டேஷ்போர்டில் ஒன்று.

தடை 4: "அப்படியானால் பெட்ரோல் குற்றமற்றதா?" இல்லை. இப்போது பங்க்கில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். லிட்டருக்கு லிட்டர் எத்தனாலில் ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆகவே பெட்ரோல்காரர் "முன்ன மாதிரி குடுக்க மாட்டேங்குதுங்க" என்று சொல்வதில் ஓரளவு உண்மை உண்டு. மீதி ஏசி.

தடை 5: "1900ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் டீசல் எஞ்சினைக் கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டினார்களே, நம் கொல்லையில் விளைவதுதானே?" மெய். ஆனால் செக்குக் கடலை எண்ணெய் விற்கும் விலைக்கு, அதை வண்டிக்கு ஊற்றுகிற வீட்டில் வடை கேட்க முடியாது.

விலகி நின்ற ஒரு தரவு

ஆய்வின் நடுவே ஒரு வாகனம் நம் அட்டவணைக்குள் அடங்காமல் நின்றது. அதுவும் டீசல்; அதுவும் அதே சாலையில் ஓடுகிறது. 2018 கட்டணத் திருத்தத்தின்படி சாதாரண புறநகர்ப் பேருந்தில் கிலோமீட்டருக்கு 58 காசு. பெரம்பலூரிலிருந்து அரியலூருக்கு அந்தக் கணக்கில் ஒரு தலைக்கு 17 ரூபாய் 40 காசு. டீசல் காரில் தனியாகப் போனால் 139 ரூபாய் 50 காசு. காரும் பேருந்தும் சமமாக வேண்டுமென்றால் டீசல் காரில் 8 பேரும் பெட்ரோல் காரில் 12 பேரும் ஏற வேண்டும். வைகாசி முகூர்த்த நாள்களில் இந்தச் சமநிலை இயல்பாகவே எட்டப்படுகிறது. மற்ற நாள்களில் இத்தரவைப் பொதுவில் பேசுவது நாகரிகமன்று. கார் வாங்க நினைப்பவர் பணம் மிச்சம் பிடிக்க நினைப்பவர் என்று யாரும் சொல்லவில்லை.

முடிவுகள்

1. வருடத்துக்கு 15,000 கிலோமீட்டருக்கு மேல் உண்மையாகவே ஓட்டுபவர் டீசல் எடுக்கலாம். 'உண்மையாகவே' என்பது இவ்விதியின் உயிர்நாடி.

2. ஓட்டம் எவ்வளவு என்று அறிய ஜோதிடம் தேவையில்லை. பழைய வண்டியின் மீட்டரில் உள்ள எண்ணை அதை வைத்திருந்த வருடங்களால் வகுத்தால் போதும். இச்சோதனைக்குச் செலவு இல்லை. அதனாலேயே யாரும் செய்வதில்லை போலும்.

3. ரயில் உள்ள அரியலூருக்குப் பெட்ரோலும், ரயில் இல்லாத பெரம்பலூருக்கு டீசலும் பொதுவாகப் பொருந்தும். பெரம்பலூருக்கு ரயில் வந்தால் இவ்விதி மாறும். அதுவரை இக்கட்டுரைக்கு மறுபதிப்பு தேவைப்படாது.

மேலாய்வுக்கு உரியவை

நிரப்பிய டேங்க்குடன் மச்சான் எடுத்துப்போகும் வண்டி எப்போதும் ரிசர்வில் திரும்புவது ஏன்; அது டீசலானாலும் பெட்ரோலானாலும் ஒரே வேகத்தில் தீர்வது எங்ஙனம்; இதைக் கேட்பது யார். முதல் இரண்டுக்கும் முனைவர் பட்ட அளவில் இடம் உண்டு. மூன்றாவதற்கு, வீட்டில் நிம்மதியை விரும்பும் எந்த ஆய்வாளரும் முன்வருவார் என்று தோன்றவில்லை.